நாகர்கோவில் கருத்தடை முகாம்: நாயையும் பூனையையும் நம்பிக் கொண்டுபோகலாமா?

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் விலங்குநல அமைப்பு ஒன்று தன்னார்வ கால்நடை மருத்துவரை வைத்து நடத்தும் கருத்தடை முகாம் இது. ஆபரேஷனை முழுசாக நம்பலாம். காத்திருக்க வைக்கும் இடம்தான் சரியில்லை.

வருகிற எல்லா நாயையும் மேஜையில் ஏற்றாமல் இருப்பதே இங்கே பெரிய நல்ல விஷயம். டாக்டர் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறார். அடுத்து காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி தேடுகிறார். இரண்டு பருவமழையும் ரப்பர் தோட்டமுமாகக் கிடக்கும் நம் மாவட்டத்தில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் உள்ள நாய் பார்வைக்குத் தெம்பாகவே திரியலாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும். கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறார். "குலசேகரத்துல இருந்து ஆட்டோ பிடிச்சு வந்திருக்கோம் டாக்டர்" என்று கெஞ்சினாலும் மசிவதில்லை. ஹீட்டில், அதாவது இணைசேரும் பருவத்தில், இருக்கும் பெட்டைக்கும் இதே பதில்தான். அந்தச் சமயத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தடித்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்.

வளர்ந்த நாய்க்கு முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். மயக்கத்துக்கு முன் போடும் சைலசின் ஊசி வாந்தியைக் கிளப்பும். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியாதான். காலையில் ரெண்டு துண்டு மரச்சீனிக்கிழங்கு கொடுத்திருந்தால்கூட மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குட்டிகளுக்கு நீண்ட பட்டினி ஆகாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றையும் எடை போட்டுத்தான் மருந்தை ஏற்றுகிறார்கள். கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்டால் கண் மூடாது, அதனால் விழி உலராமல் களிம்பும் இடுகிறார்கள். பெட்டை நாயில் பெரிய ஆபத்து, சூலகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவுவது. இங்கே அந்தக் கட்டை இரண்டு தடவை போடுகிறார்கள். குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுத்ததும் வெட்டிய நுனியை விட்டுவிடாமல் இடுக்கியில் பிடித்தபடி ரத்தம் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். அவசரக் கைக்கு இந்தப் பொறுமை வராது.

குறை என்றால் வராந்தாதான். நாய்களும் பூனைகளும் பக்கத்துப் பக்கத்தில் காத்திருக்கின்றன. மிரண்ட பூனைக்கு மயக்கம் சீராக ஏறாது. தடுப்பூசி போடாத குட்டிக்கோ பார்வோ என்ற கொடிய வைரஸ் தொற்றும் பயம் வேறு. ஒரு தனி அறையும் நாலு துணியும் இருந்தால் தீர்ந்துவிடும். நிர்வாகிகள் உடனே கவனிக்க வேண்டும். பூனையைக் கூடையில் வைத்துத் துணியால் மூடிக் கொண்டுபோங்கள். தெளிவதற்கு முன்பே வீட்டுக்கு எடுத்துப்போக அவசரப்பட வேண்டாம். தலையை நிமிர்த்தி, தானே எழுந்து நிற்கட்டும்.

வீட்டில் பத்து நாள் குளிப்பாட்டக் கூடாது, ஓட விடக் கூடாது, புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைக் கழற்றக் கூடாது. மூன்றாம் நாள் நாய் துள்ளத் தொடங்கும். தையல் பிரிவதும் அப்போதுதான். மழைக்காலத்தில் சிமென்ட் தரையில் படுக்க விடாமல் காய்ந்த சாக்கு போட்டு, நனைந்தால் மாற்றுங்கள். புண்ணில் மஞ்சளோ தேங்காயெண்ணெயோ தடவாதீர்கள். வலிக்கு டாக்டர் எழுதிய மருந்து மட்டும் போதும். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். தையலில் லேசான ஈரக்கசிவு இருந்தால் பயமில்லை. ரத்தம் சொட்டினாலோ, ஈறு வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

தெருநாய்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, காது நுனியில் அடையாள வெட்டும் வைத்து, 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிடித்த தெருவிலேயே விடுகிறார்கள். எந்தத் தெரு என்று நோட்டில் எழுதும்போது பக்கத்தில் நின்று சரிபாருங்கள். கடுவனை, அதாவது ஆணை, கொண்டுபோனவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு மாதம்வரை அதனால் பெட்டை சினையாகலாம். அதுவரை பிரித்தே கட்டுங்கள்.