புல்லின் எடையை யார் சரியாகச் சொல்வது: பிளேட் மீட்டரா, சென்டினல்-2-ஆ, சென்டினல்-1-ஆ?

அயர்லாந்துப் பால் பண்ணைகளில், 4 செ.மீ.க்கு மேல் நிற்கும் புல் ஹெக்டேருக்கு 1,300 முதல் 1,600 கிலோ உலர் எடை இருந்தால் மாடு விடும் பதம். கேள்வி, அந்த எடையை எதைக் கொண்டு அறிவது என்பதுதான்.

பிளேட் மீட்டர் (புல்மேல் தட்டு அமர்ந்து உயரம் காட்டும் கோல்) நேரடியாகக் கிலோ சொல்லும். வயலுக்கு முப்பது குத்து. சராசரி உயரம் 9.6 செ.மீ. வந்தால், செ.மீ.க்கு ஹெக்டேருக்கு 250 கிலோ என்ற கணக்கில் (9.6 − 4) × 250 = 1,400 கிலோ. வாசலோரம், சாணித் திட்டு இரண்டையும் தவிர்க்க வேண்டும். கதிர் விட்டு விறைத்த புல் தட்டைத் தாங்கிப் பிடிக்கும். அப்போது 250 பொருந்தாது. கூடவே, வாராவாரம் நடக்கவும் வேண்டும்.

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-இல் நடை இல்லை, காசும் இல்லை. சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளின் விகிதமான என்டிவிஐ என்ற பசுமை எண் 10 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கும். ஆனால் புல் அடர்ந்தபின் அந்த எண் நகராது: பதமான புல்லும் முற்றிய புல்லும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். சிவப்பு விளிம்புப் பட்டைகள் (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளி) இதில் மேல், ஆனால் அவை 20 மீட்டர். 100 × 100 மீட்டர் வயலில் வேலிமர நிழலுக்காக ஓரம் 20 மீட்டர் விட்டால் மிஞ்சுவது ஒன்பது கட்டம். குறுகலான வயலுக்கு அதுவும் இல்லை.

பலர் வழுக்கி விழும் இடம் வேறு. 2022 ஜனவரிக்குப் பிந்தைய சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு ஒளி மதிப்பிலும் 1,000 கூட்டப்பட்டிருக்கும். கழிக்காமல் என்டிவிஐ கணக்கிட்டால், உதாரணமாக 0.875 வரவேண்டிய இடத்தில் 0.62 வரும், செழித்த வயல் மேய்ந்து முடித்ததுபோல் தெரியும். மேக வடிகட்டியில் தப்பிய மெல்லிய மேகமும் இதே பொய்யைத்தான் சொல்லும். ஒரே நாளில் எல்லா வயலும் சேர்ந்து சரிந்தால் புல்லைச் சந்தேகிக்காதீர்கள், படத்தைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு செயற்கைக்கோளான சென்டினல்-1-இன் ராடார் மேகத்தை ஊடுருவும். அயர்லாந்து வானத்துக்கு இது பெரிய வரம்தான். ஆனாலும் எடைக்கு இதை நம்பமாட்டோம்: மழை பெய்து மண் நனைந்தாலே எதிரொலி மாறிவிடும். அறுப்பு எந்த வாரம் நடந்தது என்று பிடிக்க மட்டும் நல்லது. வெட்டியபின் அடுத்தடுத்த படங்களின் ஒத்திசைவு (எதிரொலி ஒன்றோடொன்று பொருந்தும் அளவு) கூடும்.

எங்கள் தேர்வு: எந்த வயல் முந்துகிறது, எது பின்தங்குகிறது என்று சென்டினல்-2-இல் பார்த்து, முந்தும் நாலைந்தில் மட்டும் மீட்டரோடு இறங்குவது. கதிர் தெரிந்த வாரம் பக்கத்துக்கு அரை மீட்டர் உள்ள சதுரச் சட்டம் (ஹெக்டேருக்கு 40,000 சட்டம்) போட்டு, 4 செ.மீ.க்கு மேலே வெட்டி எடை போடுங்கள். 220 கிராம் பச்சைப்புல், உலர் பங்கு 16% என்றால் 0.22 × 40,000 × 0.16 = 1,408 கிலோ. மீட்டர் வேறு சொன்னால் 250-ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.