ஆமைக்கு அலகு வெட்ட ஆள் கூப்பிடும் முன்

பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் ஆமை வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டுக்கே வந்து நகமும் அலகும் வெட்டித் தருவதாகச் சொல்லி ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். பெயரும் நம்பரும் போடப் போவதில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன், வந்தால் உங்களுக்கே அடையாளம் தெரியும்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில். மணி, ஐந்து வயது சல்காட்டா ஆமை, நாலு கிலோ. ஆப்பிரிக்க வகை, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த காகிதம் இருக்கிறது. (நம் ஊர் நட்சத்திர ஆமை என்றால் வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது வேறு கதை.) மழைக்காலம் முழுக்க மணியை உள்ளே டைல்ஸ் தரையில்தான் விட்டிருந்தோம். தீனி வெள்ளரிக்காய், தக்காளி, முட்டைக்கோஸ். மழை விட்டபோது மேல் அலகு கிளி மூக்கு மாதிரி கீழே வளைந்து நின்றது. முன்கால் நகங்கள் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. இலையைக் கடிக்கப் போனால் வழுக்கி விழுந்தது.

நானே வெட்டலாமா என்று யோசித்தேன், கை வரவில்லை. அப்போதுதான் இவருடைய வீடியோ கண்ணில் பட்டது. அதில் ஒரு ரெட் இயர் ஆமையின் (கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள தண்ணீர் ஆமை) நீண்ட முன்கால் நகங்களை வெட்டி, ‘முன்பு, பின்பு’ என்று படம் போட்டிருந்தார். அந்த வகையில் ஆணுக்கு முன்கால் நகம் இயல்பாகவே நீளம், பெண்ணைக் கவரவே அது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தால் போனையே எடுத்திருக்க மாட்டேன்.

1,500 ரூபாய் என்றார். “என் நகத்தை இத்தனை வருஷமா யாரு வெட்டறா?” என்று மாமியார் முணுமுணுத்தார். அந்தப் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

வந்தவர் பையிலிருந்து எடுத்தது நாய்க்கு நகம் வெட்டும் கத்தரியும், எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கட்டிங் பிளேயரும். மணி என்ன சாப்பிடுகிறது, எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக நகத்தில் வைத்தார். மூன்றாவது நகத்தில் ரத்தம் கொட்டியது. “பயப்படாதீங்கக்கா, கொஞ்சம் வரத்தான் செய்யும்” என்று மஞ்சள் பொடியை அள்ளி வைத்தார். நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. கருப்பு நகத்தில் அது எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. அது தெரிந்தவர் நுனியை மட்டும்தான் எடுப்பார்.

அப்புறம் தலையை வெளியே இழுத்துப் பிடித்து அலகில் பிளேயரை வைத்து ஒரே அழுத்து. ‘டக்’ என்று கேட்டது. துண்டு விழுந்தது, கூடவே வலது பக்கம் மூக்குத் துளையை நோக்கி ஒரு விரிசல் ஏறியது. உப்புத்தாளால் மேலே தேய்த்து அதை மறைத்தார். கையோடு ஊதா வெளிச்சம் தரும் பல்பு ஒன்றை என் தலையில் கட்டினார், 1,200 ரூபாய். “இதைப் போட்டா வெயிலே வேணாங்க்கா.”

அதற்குப் பிறகு நாலு நாள் மணி வாயைத் திறக்கவில்லை. முதல் முறை கூப்பிட்டபோது “ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்றார். அடுத்து போனையே எடுக்கவில்லை. வீடியோவுக்குக் கீழே நான் எழுதியதும் காணாமல் போனது.

திருச்சூரில் ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “இவன் எந்தா தின்னுந்நது?” (இவன் என்ன தின்கிறான்?) சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருந்தது. அலகு என்பது எலும்பின் மேல் போர்த்திய நகம் மாதிரி ஒரு பொருள், வளர்ந்துகொண்டே இருக்கும். நாரும் முரடும் உள்ள புல்லைக் கடித்துக் கடித்துத்தான் அது தேயும். மெத்தென்ற காய் கொடுத்தால் எதில் தேயும்? அதோடு கால்சியமும் வெயிலும் குறைந்தால் வளர்ச்சியே கோணும். பிளேயர் போட்டு நசுக்கினால் அது அடுக்கடுக்காகப் பிளக்கும். டாக்டர் சின்ன சுழல் அரம் வைத்து, தாடைக்குப் பின்னால் இரண்டு விரலால் தலையை அசையாமல் பிடித்து, விட்டு விட்டுத் தேய்த்தார். விரிசல் இருந்ததால் ஒரே நாளில் முடிக்கவில்லை, மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

பல்பையும் காட்டினேன். சிரித்துவிட்டார். ஆமைக்கு வேண்டிய புறஊதா பி கதிர் கண்ணுக்கே தெரியாது, ஊதாவாகத் தெரிவது வெறும் கலர் வெளிச்சம் என்றார். கால்சியம் உடம்பில் சேர வேண்டிய டி3 வைட்டமினைத் தோலில் உண்டாக்குவது அந்தக் கதிர்தான். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில்கூட அது கிட்டத்தட்ட இருக்காது. பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டு வெயிலுக்குப் பதிலாகப் பல்பு வாங்கியிருக்கிறேன், அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல?

இப்போது மணிக்கு அருகம்புல், செம்பருத்தி இலை, முள் எடுத்த சப்பாத்திக்கள்ளி. பாலிஷ் போடாத கடப்பா கல் மேல் வைத்துத்தான் தீனி, நடப்பதும் மண்ணிலும் கல்லிலும்தான். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், அதையும் ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறோம். வேண்டும்போது சுரண்டித் தின்கிறது. நகத்துக்குக் கால் மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் நிற்க வைத்துவிட்டு, நகம் தேய்க்கும் அட்டையால் நுனியை மட்டும் தேய்க்கிறேன். ரத்தம் வந்தால் அழுத்திப் பிடிக்கப் பக்கத்தில் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்). வீட்டில் நான் செய்வது இவ்வளவுதான். அலகைத் தொடுவதே இல்லை.

வெட்டுப்பட்ட அந்த நகம் இன்னும் நேராக வளரவில்லை. போன வாரம் அந்த நகம் வெட்டியவரிடமிருந்து மெசேஜ் வந்தது: “அக்கா, மூணு மாசம் ஆச்சு, அடுத்த கட்டிங் போட்டுரலாமா?” ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தேன். மணியின் படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இடது பக்கத்திலிருந்து எடுத்தது.