குளிர்காலச் செம்பாறை நடை: சயானா, பிரைஸா, ஆர்ச்சஸா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் நடக்க விரும்புவோர் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையுள்ள மாதங்களையே நாடுகிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கூட்டம் மெலிந்து, கோடையில் 38 பாகை செல்சியஸைத் தாண்டும் வெயிலும் இல்லாத காலத்தில் சென்று நடப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் உரிமையாக்கிய இலக்கண மரபு நம்முடையது. வறண்ட நிலத்துக்கும் பனிக்கும் உள்ள உறவு நமக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சயான், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ் ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும் ஒரே பாலைவனம் என்று எண்ணி ஒரே உடுப்போடு கிளம்புவது தவறு. சயான் பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்க, பிரைஸின் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர்காலத்தில் எங்கே நடப்பது என்பதை இந்த உயர வேறுபாடே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

1919இல் தேசியப் பூங்காவான சயானில் ஜனவரி மாதப் பகல் பெரும்பாலும் 10 பாகையை ஒட்டியும் இரவு உறைநிலையை ஒட்டியும் இருக்கும். நெரிசல் மாதங்களில் பூங்காப் பேருந்தில் மட்டுமே செல்லக்கூடிய பள்ளத்தாக்குச் சாலையில், கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்கள் நீங்கலாக, குளிர்காலத்தில் சொந்த வண்டியிலேயே போகலாம். ஆயினும் இங்கே கவனிக்க வேண்டியது வெயில் விழும் இடம். இருபுறமும் நூற்றுக்கணக்கான மீட்டர் நிமிர்ந்து நிற்கும் நவஹோ மணற்கல் சுவர்களுக்கு இடையே வெயில் தாமதமாக வந்து சீக்கிரமே போய்விடுவதால், திறந்த வெளியில் செல்லும் பாரஸ் பாதை உலர்ந்திருக்கும் அதே நாளில் நிழலான பாதைகள் பனிக்கட்டி படிந்து வழுக்கும். எமரால்டு குளங்களுக்கு மேலுள்ள பாறை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிகள் பகல் சூட்டில் உடைந்து விழக்கூடியவை. ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்குச் செல்ல 2022 ஏப்ரல் முதல் ஆண்டு முழுவதும் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கிடைத்தாலும், சங்கிலியைப் பிடித்து ஏறும் அந்தக் குறுகிய பாறை முகட்டில் பனி இருக்கும் நாளில் ஏற வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கு முன்பாக வழியில் வரும் ஸ்கவுட் லுக்அவுட் வரை அனுமதி தேவையில்லை. அங்கிருந்து தெரியும் காட்சியே போதுமானது. ஆற்றுக்குள் இறங்கி நடக்கும் நேரோஸ் பாதையில் தண்ணீர் ஏறத்தாழ 4 பாகைக்குக் குளிர்ந்துவிடுவதால், உடலை நனையவிடாத முழு உடுப்பு இல்லாமல் அதை நினைக்கவே கூடாது.

பிரைஸை அப்படித் தயக்கத்தோடு பேச எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் குளிர்காலத்தில்தான் அந்த இடம் தன் முழு அழகையும் காட்டுகிறது. பெயரில் பள்ளத்தாக்கு என்று இருந்தாலும், அது பீடபூமியின் விளிம்பு அரிக்கப்பட்டு உருவான அரைவட்ட அரங்குகளின் வரிசை. பழைய ஏரிப் படிவுகளால் ஆன பாறையின் விரிசல்களில் புகும் உருகுநீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் மீண்டும் உருகி, ஹூடூ எனப்படும் ஆயிரக்கணக்கான தூண்களை ஆண்டுதோறும் செதுக்கிக்கொண்டிருக்கிறது. கோடைப் பயணி அந்தச் செதுக்கலின் விளைவை மட்டுமே காண்கிறார். ஜனவரியில் போகிறவர் அந்த வேலை நடக்கும்போதே அங்கே நிற்கிறார். காலைக் கதிர் கீழே படிந்த பனியில் பட்டுத் தூண்களின் அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கி ஒளிரும்போது, செம்மஞ்சள் நிறம் பாறைக்குள்ளிருந்து வருவதுபோல் தோன்றும்.

அதற்குரிய விலையும் உண்டு. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 10 பாகைக்கும் இறங்கலாம். பனி பொழியும் நாட்களில் பூங்காவின் தென்பகுதிச் சாலையை மூடிவிடுவார்கள். நவஹோ வளையப் பாதையின் வால் ஸ்ட்ரீட் பகுதி குளிர்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும். குயின்ஸ் கார்டன் வழியாக இறங்கி நவஹோ பாதையின் மறுபக்கம் திறந்திருந்தால் அதன் வழியாக ஏறும் சுமார் 5 கிலோமீட்டர் சுற்றே இங்கே சிறந்த நடை. மைக்ரோஸ்பைக் எனப்படும், காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் எஃகு முட்பட்டை இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. சயானில் களைத்தால் இறங்கி வந்துவிடலாம். பிரைஸில் முதலில் இறங்குகிறோம், களைத்த பிறகு உயிர்வளி குறைந்த உயரத்துக் காற்றில் ஏற வேண்டியிருக்கிறது என்பதை முதியவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பங்கள் மறக்கலாகாது.

ஆர்ச்சஸைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2,000க்கும் மேற்பட்ட கல்வளைவுகள் கொண்ட அந்தப் பூங்காவில், டெலிகேட் வளைவுக்குப் போய்வரும் 4.8 கிலோமீட்டர் நடை குளிர்காலத்தில் அமைதியானது. இறுதியில் வரும் பாறை விளிம்பில் மட்டும் பனி உறைந்திருக்கிறதா என்று பார்த்து நடக்க வேண்டும். ஆனால் சயானிலிருந்து அங்கே செல்ல ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும் என்பதால், பகல் வெளிச்சம் ஒன்பதரை மணி நேரமே உள்ள டிசம்பரில் மூன்றையும் ஒரே வாரத்தில் அடக்க முயல்வது நடையைக் கெடுத்துவிடும். சால்ட் லேக் சிட்டியில் விமானம் இறங்குவோர் ஆர்ச்சஸைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே நல்லது.

லாஸ் வேகஸில் இறங்குவோருக்கு என் பரிந்துரை இது: சயானின் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேலில் மூன்று இரவுகளும், பிரைஸுக்கு அருகில் இரண்டு இரவுகளும் தங்க வேண்டும், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரப் பயணம்தான். ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டுமானால், பனியில் நடந்து பழகாதவர்கள் சயானையும், ஓரளவு பழகியவர்கள் பிரைஸையும் கொள்ளலாம். வானிலை அறிக்கையைப் பார்த்துப் பிரைஸ் நாட்களை முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளும்படி அறைகளைப் பதிவு செய்து, பனி பொழிந்து வானம் வெளுத்த மறுநாள் விடியலில் விளிம்பில் நிற்குமாறு திட்டமிட வேண்டும். அன்று தண்ணீர்ப் புட்டியைப் பையில் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்தே உறையும் என்பதால், நிமிர்த்தினால் மூடிப் பக்கம் குடிக்கத் தண்ணீர் இருக்கும்.