ஹாரி டீன் ஸ்டான்டன்: முதலில் ‘ஏலியன்’ பார்ப்பதா, ‘பாரிஸ், டெக்ஸாஸ்’ பார்ப்பதா?

அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்த அமெரிக்க நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன். பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது, முகத்தைக் காட்டினால் தெரியும். அவரை எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘ஏலியன்’ (1979) படத்தில் அவருக்குச் சின்ன வேடம்தான். விண்கலத்தில் பழுதுபார்க்கும் பிரெட். பூனையைத் தேடிப் போகிறவர், மேலிருந்து சொட்டும் தண்ணீரைத் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தில் வாங்கிக்கொள்கிறார். உழைத்துக் களைத்த ஒரு மனிதனின் வாழ்க்கையே அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் அடுத்து வரும் அவர் சாவு நம்மை உலுக்குகிறது.

‘பாரிஸ், டெக்ஸாஸ்’ (1984) அவர் தோளிலேயே நிற்கும் படம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கிடைத்த நாயக வேடம். விம் வெண்டர்ஸ் இயக்கிய இந்தப் படம் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனையைப் பெற்றது. சிவப்புத் தொப்பியோடு பாலைவனத்தில் நடந்துவரும் டிராவிஸ் வெகுநேரம் வாயே திறப்பதில்லை. கடைசியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனைவியிடம் தொலைபேசியில் பேசுகிறார். அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, யாரோ ஒருவரின் கதை போலத் தன் கதையையே சொல்கிறார். குரல் உயரவே இல்லை. நடிப்பில் இதைவிட உயரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் தேர்வு ‘பாரிஸ், டெக்ஸாஸ்’தான். மெதுவாக நகரும் படம் உங்களுக்குச் சிரமம் என்றால் மட்டும் ‘ஏலியன்’ முதலில் வரட்டும்.