காராவின் கேரிங்ஸ் தளம்: வேகத்துக்குக் குறைந்த மதிப்பெண், காவலுக்கு அதிகம்

தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆணையம் காரா; அது நடத்தும் இணையதளம் கேரிங்ஸ். தத்துக்காகப் பதிவு செய்தவர்கள் இந்தத் தளத்தின் மேல் சொல்லும் முதல் குறை தாமதம். மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருப்பது வேதனைதான். ஆனால் இந்தத் தளம் எதைத் தடுக்க வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2005-ல் சென்னையில் அம்பலமான வழக்கில், குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், பெற்றவளே மனமுவந்து ஒப்படைத்ததாகப் போலிப் பத்திரம் போட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். குழந்தையை வாங்குவது, பெற்றோரைத் தேர்வது, பணம் பெறுவது எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. கேரிங்ஸ் அந்த முடிச்சைத்தான் அவிழ்த்திருக்கிறது. இன்று தத்து மையம் தனக்குப் பிடித்தவருக்குக் குழந்தையைக் காட்ட முடியாது. பதிவு வரிசைப்படி தளமே காட்டும். 48 மணி நேரத்துக்குள் முன்பதிவு செய்ய வேண்டும், 30 நாளுக்குள் ஏற்பு முடிய வேண்டும். தத்தெடுப்பவரின் வீட்டையும் சூழலையும் நேரில் பார்த்து எழுதும் ஹோம் ஸ்டடி அறிக்கை 3 ஆண்டு செல்லும். அதற்கு 6,000 ரூபாய், தத்துக்குப் பிந்தைய கண்காணிப்பு வருகை ஒவ்வொன்றுக்கும் 2,000. வெளிநாட்டுத் தத்துக்குக் குழந்தைப் பராமரிப்பு நிதியாக 5,000 டாலர். கட்டண அட்டவணையில் இல்லாத எந்தத் தொகையை யார் கேட்டாலும், நன்கொடை என்றே கேட்டாலும், அங்கேயே நின்றுவிடுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகும் வழியில் பூட்டுகள் அதிகம். அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற முகமை வழியாகத்தான் விண்ணப்பம் வரும். நாடு கடந்த தத்துக்கான ஹேக் சர்வதேச உடன்படிக்கையின் 5, 17 பிரிவுகளின்படி அந்நாட்டின் ஒப்புதல், காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, தத்து உடன்படிக்கைப்படி நடந்தது என்று சொல்லும் 23-ஆம் பிரிவின் இணக்கச் சான்று என்று வரிசையாக வர வேண்டும். (2022 செப்டம்பருக்கு முன்பு ஆணை நீதிமன்றத்திலிருந்து வந்தது.) 2024-25-ல் நடந்த 4,515 தத்துகளில் 4,155 உள்நாட்டிலேயே நடந்தவை. உள்நாட்டுக் குடும்பத்துக்கே முன்னுரிமை என்ற விதி ஏட்டோடு நிற்கவில்லை.

இனி ஓட்டைகள். தளத்துக்குள் ஏறிய குழந்தையைத்தான் தளம் காக்கும். ஏறும் முன்பே தாள் பொய்யாக இருந்தால், மேலே சொன்ன அத்தனை பூட்டும் அந்தப் பொய்க்கே காவல் நிற்கும். ஆகவே குழந்தைகள் நலக் குழு தரும் 'சட்டப்படி தத்துக்குத் தகுதி' சான்றைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒப்படைக்கப்பட்ட குழந்தை என்றால், பத்திரம் குழுவின் முன் கையெழுத்தானதா? பெற்றவர் மனம் மாறுவதற்கான 60 நாள் கழிந்த பிறகா சான்று வந்தது? கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால், படத்துடன் நாளிதழ் விளம்பரம் வந்ததா, பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறை அறிக்கை இருக்கிறதா? தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்டால் வரிசை போய்விடுமோ என்று பயந்து பேசாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

இரண்டாவது ஓட்டை, 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துவிட்டால் போதும், பிள்ளையை லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ கூட்டிப் போய்விடலாம் என்று பல குடும்பங்கள் இன்னும் நம்புகின்றன. அந்தப் பத்திரம் மட்டும் போதாது. 2021 முதல் இதற்கும் ஆட்சியர் சரிபார்ப்பும் காராவின் சான்றும் தேவை. உறவினர் குழந்தை என்றாலும் தளத்தில் அதற்கென உள்ள தனி வழியில்தான் போக வேண்டும். முதலில் பத்திரம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குபவர்களுக்கு விசாவில் முட்டும், நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும்.

மருத்துவமனையிலிருந்து 'நேரடியாக' வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 81-ஆம் பிரிவில் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியர் என்றால் 3 முதல் 7 ஆண்டு. தகவல் சொல்ல 1098.

என் பெரிய மனக்குறை வேறு. காத்திருக்கும் பெற்றோருக்கு இந்தத் தளத்தில் பயனர் கணக்கு உண்டு, தத்து மையத்துக்கு உண்டு, வெளிநாட்டு முகமைக்கும் உண்டு. குழந்தையைத் தொலைத்துவிட்டுத் தேடும் தாய்க்கு மட்டும் நுழைய ஒரு கதவு இல்லை. அவள் காவல் நிலையத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.