போகிமானா, மேஜிக்கா: முதலில் எந்தச் சீட்டு விளையாட்டைப் பழகலாம்?
வழக்கமான ஆட்டத்தில் இரண்டுக்கும் 60 சீட்டுக் கட்டு, தொடக்கத்தில் கையில் 7. ஒற்றுமை அவ்வளவுதான்.

1993-இல் வந்த மேஜிக்கில் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. நிலச் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் மானா என்ற மந்திர சக்தி கிடைக்கும். அதைச் செலவழித்துத்தான் மந்திரம் போட முடியும். நிலமே வராமல், கை நிறையப் பெரிய சீட்டுகளோடு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் நடக்கும். சரி, நிலம் வந்துவிட்டது, டிராகன் சீட்டை இறக்குகிறீர்கள். எதிராளி இரண்டு நீல நிலங்களைத் திருப்பி, ஒரு மந்திரத்தால் அதை ரத்து செய்துவிடுவார், அதுவும் உங்கள் முறையிலேயே!

1996-இல் ஜப்பானில் தொடங்கிய போகிமானில் இந்தக் குறுக்கீடு இல்லை. முறைக்கு ஒரு எனர்ஜிச் சீட்டை (தாக்குவதற்கான சக்தி) உங்கள் போகிமானுக்கு மாட்டி, கடைசியில் தாக்கினால் முறை முடிந்தது. எதிராளியின் போகிமான்களை வீழ்த்தி, தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த உங்கள் 6 பரிசுச் சீட்டுகளையும் எடுத்துவிட்டால் வெற்றி. வீட்டுப் பிள்ளையோடு பழக இதுதான் சரி.