கார்புரேட்டர் சீரமைப்பு: பிளக்கின் நிறமா, மீட்டரின் எண்ணா?

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டருக்குச் சரியான ஜெட்டை (பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள திருகை) தேர்ந்தெடுக்க ஸ்பார்க் பிளக்கைப் பார்த்தால் போதுமா, எக்ஸாஸ்ட் குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்த வேண்டுமா என்று தயங்குவோர் பலர்.

செலவு: பிளக் முறைக்குச் சில புதிய பிளக்குகளும் ஓர் உருப்பெருக்கியும் போதும்; சென்சாருக்கு மீட்டரும், குழாயில் வெல்டிங் வேலையும் தேவை.

துல்லியம்: பிளக் முறையில், முழு த்ராட்டிலில் ஓடும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பீங்கானின் அடியில் படிந்த கரி வளையத்தைப் பார்க்க வேண்டும், மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினால், தெரிவது ஐடிலிங்கின் கரியே தவிர, முழு த்ராட்டிலில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டின் நிலை அன்று. ஈயமற்ற பெட்ரோலில் நிறம் மங்கலாகவே படிவதால், ‘பிளக் இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி’ என்ற பழைய விதியை நான் முழுமையாக நம்புவதில்லை. சென்சாரோ ஓடும்போதே காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும்: 14.7 என்றால், ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் அத்தனை பங்கு காற்று என்ற சரியான விகிதம். முழுத் திறனுக்கு ஏறத்தாழ 13.

பல சிலிண்டர்கள்: குழாய்கள் சேருமிடத்தில் பொருத்திய சென்சார் சராசரியை மட்டுமே தரும், அடைபட்ட ஒரே ஜெட்டைப் பிளக்குதான் காட்டிக்கொடுக்கும்.

எப்போதாவது ஜெட் மாற்றுபவருக்குப் பிளக்கே போதும். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் இரண்டையும் மாற்றியவர் சென்சாரைப் பொருத்தி, இறுதியில் பிளக்குகளையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம்.